8 யூரோவுக்குள் சிவப்பு ஒயின்: நாக்கு இழுக்காமல் குடிக்க என்ன வழி?

கேள்வி: சூப்பர் மார்க்கெட்டில் 5 முதல் 8 யூரோவுக்குக் கிடைக்கும் சிவப்பு ஒயின்கள் பெரும்பாலும் நாக்கை இழுக்கின்றன, சாராய நெடியும் அடிக்கிறது. பாட்டிலில் குறையா, குடிக்கும் முறையில் குறையா? லேபிளில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? மட்டன் குழம்போடு எது ஒத்துப்போகும்?

பதில்கள் (எழுதியவர்களின் புனைபெயர்களில்):

கருந்திராட்சை: முதல் சந்தேகம் சூட்டின் மேல்தான். 24, 25 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும், பழ வாசனை அமுங்கிவிடும். 16 டிகிரி போதும். ஃபிரிட்ஜில் முக்கால் மணி நேரம் வையுங்கள், அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் 10 நிமிடம். ரொம்பக் குளிர்ந்தாலும் துவர்ப்பு முரடாகத் தெரியும். அப்போது கிளாஸை உள்ளங்கையில் ஏந்திச் சற்று சூடாக்கினால் சரியாகிவிடும்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், சுழற்ற இடம் வேண்டும். முகர்ந்த பிறகு ஒரு வாய் எடுத்து, விழுங்குமுன் வாய் முழுக்கப் பரவ விடுங்கள். எச்சில் ஊறினால் அது புளிப்பு. பாக்கு மென்றதுபோல் ஈறு வறண்டால் துவர்ப்பு. தொண்டையில் சுட்டால் ஆல்கஹால். மூன்றையும் பிரித்தறியப் பழகிவிட்டால், எந்த பாட்டில் உங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று நீங்களே சொல்லிவிடலாம்.

பீப்பாய்: துவர்ப்புதான் தொந்தரவென்றால் பொழோலே வில்லாஜ் என்ற பிரெஞ்சு ஒயினில் தொடங்குங்கள். கமே என்ற திராட்சையில் செய்வது. கொத்தை நசுக்காமல் முழுதாகத் தொட்டியில் போட்டு நொதிக்க விடுவது அங்கே வழக்கம், அதனால் தோலின் துவர்ப்பு அதிகம் இறங்காது. இதை 13 டிகிரிக்கே குளிர்விக்கலாம். கோத் து ரோன் என்ற இன்னொரு பிரெஞ்சு ஒயினில் கிரனாஷ் திராட்சை மிகுதி, வாயில் மெத்தென்றிருக்கும். ஆனால் 14.5 சதவீதம் ஆல்கஹால் உள்ளதைத் தவிருங்கள்.

ஸ்பெயினின் ரியோஹா ஒயின் என்றால் லேபிளில் 'கிரியான்சா' என்ற சொல்லைத் தேடுங்கள். வெளிவருமுன் 2 ஆண்டு முதிர வேண்டும், அதில் குறைந்தது ஓராண்டு ஓக் பீப்பாயில். இந்த விலைக்கு இவ்வளவு முதிர்ச்சி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. சிலியின் கார்மெனேர் திராட்சை ஒயினும் நல்லது. 1994 வரை அங்கே அந்தத் திராட்சையை மெர்லோ என்ற வேறு வகை என்றே நினைத்திருந்தார்கள். திராட்சை சரியாகப் பழுக்காவிட்டால் பச்சைக் குடைமிளகாய் வாசனை வரும். அதிகம் முதிராத மதிரான் என்ற பிரெஞ்சு ஒயினைத் தொடவே வேண்டாம், தன்னா திராட்சையின் துவர்ப்பு கடுமையானது.

மூடி: குழம்பைப் பற்றி ஒன்று. மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் எரிச்சலையும் துவர்ப்பையும் கூட்டிவிடும். எனவே குளிர்ந்த பொழோலேதான் பொருத்தம். காரம் குறைந்த சுட்ட இறைச்சிக்கு ரியோஹா வைத்துக்கொள்ளுங்கள். புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் அது மென்மையாகும்.

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் கார்க் கெட்டிருக்கிறது. எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் போகாது, கடையில் மாற்றிக் கேளுங்கள். தீக்குச்சி கொளுத்திய வாசனை வேறு. ஜக்கில் ஊற்றி 20 நிமிடம் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மீந்ததைச் சின்ன பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி ஃபிரிட்ஜில் வையுங்கள். 3 நாள் தாங்கும்.

கேள்வி கேட்டவர்: திருகு மூடி போட்டது மட்டமான ஒயினா?

மூடி: இல்லை. உடனே குடிக்கும் இந்த விலை ஒயினுக்கு அதுதான் பாதுகாப்பு, கெட்ட கார்க் என்ற கவலையே இல்லை.