மறுமொழி: ‘அக்ரெடிட்டேஷன்’ என்பதற்கு அங்கீகாரம் போதுமா?

வணக்கம்.

ஒரு படிப்பை ஆராய்ந்து ஏற்பதைக் குறிக்கும் ‘அக்ரெடிட்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடி, லெனேசியாவிலிருந்து எழுதும் அண்ணா தொடங்கிய இழைக்குச் சற்றுத் தாமதமாக வருகிறேன். மதுரை ஐயாவின் மடலையும் யாழ்ப்பாணத்து அக்காவின் மடலையும் படித்துவிட்டேன். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மருந்தாளுநர். ஞாயிற்றுக்கிழமைகளில் சாட்ஸ்வொர்த்தில் தமிழ் வகுப்பும் எடுக்கிறேன். பள்ளி இறுதி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் தரும் இருமொழித் தொழில் வழிகாட்டியில் மருந்தாளுநர் படிப்பு பற்றிய பகுதி என் பொறுப்பு. சொல் முடிவாகி அகராதியில் வரும்வரை காத்திருக்க எனக்கு வழியில்லை. தாள் இந்த மாதமே அச்சுக்குப் போகிறது.

> அங்கீகாரம் எல்லோருக்கும் புரிகிற சொல். புரிகிற சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

ஐயா, வடசொல் என்பதற்காக நான் அதை விரட்டவில்லை. ஆளுக்கொரு விதமாகப் புரிகிறதே, அதுதான் என் குறை. இந்த நாட்டில் மருந்தாளுநர் ஆகிற வழியைப் பாருங்கள். பட்டப்படிப்பு 4 ஆண்டுகள். பிறகு ஓராண்டு பயிற்சிப் பணி, அதற்குரிய தேர்வு. அதன் பின் அரசு மருத்துவமனையிலோ மருத்துவ நிலையத்திலோ ஓராண்டு சமூகப் பணி, ஊதியத்துடன். 1974ஆம் ஆண்டின் 53ஆம் எண் சட்டப்படி இயங்கும் மருந்தாளுநர் கவுன்சில் இந்த வழி நெடுகக் கூடவே வருகிறது. மாணவராகச் சேரும்போதே கவுன்சிலில் பெயர் பதிய வேண்டும். பயிற்சியாளரான பிறகு ஒரு பதிவு, சமூகப் பணிக்கு ஒன்று, முழு மருந்தாளுநரானதும் இன்னொன்று. பயிற்சி தரும் மருந்தகத்துக்கும் வழிகாட்டும் மூத்தவருக்கும் கவுன்சிலின் ஒப்புதல் வேண்டும். மருந்தகம் திறக்க உரிமம் தருவதோ சுகாதாரத் துறை. வெளிநாட்டில் பட்டம் பெற்று வந்தவரின் சான்றிதழ் எந்த நிலைக்குச் சமம் என்று சொல்வது தகுதிகள் ஆணையம். இவை எதற்கும் சேராமல் தனியாக நிற்பது, பல்கலைக்கழகம் நடத்தும் அந்தப் படிப்பையே கவுன்சில் ஆராய்ந்து ஏற்பது.

இத்தனைக்கும் நம் செய்தித்தாள்கள் ‘அங்கீகாரம்’ என்ற ஒரே சொல்லைத்தான் போடுகின்றன. கல்லூரிக்கும் அங்கீகாரம், படிப்புக்கும் அங்கீகாரம், கடைக்கும் அங்கீகாரம், ஆளுக்கும் அங்கீகாரம்.

இதனால் ஏற்பட்ட சேதத்தை நேரில் பார்த்தவன் நான். எங்கள் தெருவில் ஒரு பெண், மருந்தாளுநர் உதவியாளர் படிப்பென்று ஒரு தனியார் கல்லூரியில் பணம் கட்டினாள். பெயர் வேண்டாம். “அங்கீகாரம் உண்டா?” என்று அவள் தந்தை கேட்டிருக்கிறார். “உண்டு” என்றார்களாம். அதில் பொய் எதுவும் இல்லை. கல்லூரி தனியார் கல்வி நிறுவனமாக முறைப்படி பதிவு பெற்றிருந்தது. அந்தப் படிப்பைக் கவுன்சில் ஏற்றிருக்கவில்லை, அவ்வளவுதான். சான்றிதழ் கையில் இருந்தும் உதவியாளராகப் பதிய முடியவில்லை. கேள்வியில் இருந்த ஓட்டை வழியாகப் பதில் தப்பிவிட்டது.

> ‘தரவேற்பு’ என்று வைத்துக்கொள்ளலாமே. தரத்தை ஏற்பது. சுருக்கமாகவும் இருக்கிறது.

அண்ணா, உங்கள் சொல்லை வகுப்பில் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். பாதிப் பேர் வரவேற்பு என்றார்கள். கணினி தெரிந்த பையன் ஒருவன், கோப்பைத் தரவேற்றம் செய்வதுதானே என்றான். தரவு வேறு குறுக்கே நிற்கிறது. ‘தர ஏற்பு’ என்று பிரித்தெழுதினால் கண்ணுக்குச் சரியாகிவிடும், காதுக்கு ஆகாது.

அக்கா முன்வைத்த ‘தகவேற்பு’ அழகான சொல். தகவு குறளிலேயே இருக்கிறது, வேரில் பழுதில்லை. ஆனால் இன்றைய காதில் அது தகவல் ஏற்பு என்றே விழும். இயற்பியல் பாடநூலில் தகவு என்றால் விகிதம். ‘தகுதியேற்பு’ நல்ல சொல்தான். அதை வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிட்டு ஏற்பதற்கென்று ஒதுக்கிவைக்கச் சொல்கிறேன். சென்னையில் படித்துவிட்டு இங்கே குடியேறும் ஒருவருக்கு முதலில் வேண்டியது அதுதான்.

ஆக, என் முன்மொழிவு ‘பாடநெறி ஏற்பு’. எதை ஏற்கிறார்கள் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. நீளம் என்று சொல்வீர்கள். வாக்கியத்தில் ஒருமுறை வந்தபின் ‘ஏற்பு’ என்று குறுக்கிக்கொள்ளலாம்: ஏற்பு பெற்ற படிப்பு, நிபந்தனையுடன் ஏற்பு, ஏற்புக் குழு, ஏற்பை விலக்கிக்கொண்டார்கள். ஏற்றதை மறுநாள் ஏற்காமலும் போகலாம் என்ற குறிப்பு இந்த வினையிலேயே இருக்கிறது. ஆய்வுக் குழு பாடத்திட்டத்தையும் ஆசிரியர் எண்ணிக்கையையும் ஆய்வகத்தையும் பார்த்துவிட்டுப் போய்க் குறை சொன்னால் திருத்தியாக வேண்டும். காலம் முடிந்தால் மறுபடி வருவார்கள். அங்கீகாரம் என்ற சொல்லில் ஒருமுறை வாங்கிச் சட்டம்போட்டுச் சுவரில் மாட்டிய தொனி இருக்கிறது.

பதிவு ஆளுக்கு, ஏற்பு படிப்புக்கு என்ற வேறுபாட்டுக்கு எங்கள் ஊரிலேயே சான்று உண்டு. டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம், 1961இல் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று தொடங்கிய கல்லூரியிலிருந்து வளர்ந்தது. 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்துடன் இணைந்து குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனது. பழைய பெயர் பொறித்த சான்றிதழோடு இன்றும் எத்தனையோ மூத்த மருந்தாளுநர்கள் கடை நடத்துகிறார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் போனபோது அவர்களுடைய பதிவு போகவில்லை.

> ஆனால் உயர்கல்விக் கவுன்சிலும் அதே படிப்பை ஏற்கிறதே. இரண்டுக்கும் ஒரே சொல்லா?

அக்கா, இது நல்ல கேள்வி. ஆம், இரண்டும் ஏற்புதான். உயர்கல்விக் கவுன்சில் கல்வித்தரத்தைப் பார்க்கிறது, மருந்தாளுநர் கவுன்சில் தொழில்தரத்தைப் பார்க்கிறது. முன்னொட்டு போட்டால் தீர்ந்தது: கல்வி ஏற்பு, தொழில் ஏற்பு. பெற்றோர் கேட்க வேண்டியது இரண்டாவதை. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மருந்துக் குப்பியைத் தொட முடியாது.

ஆண்டு நெடுக மாணவர் செய்யும் வேலையைக் குறிக்கும் ‘கோர்ஸ்வொர்க்’ பற்றிச் சுருக்கமாக. ‘தொடர்பணி’ வேண்டாம். தொடர்பு அணி என்று படித்துவிட்டு யாரைத் தொடர்பு கொள்வது என்று கேட்பார்கள். ‘பாடப்பணி’ போதும். இங்கே பாடப்பணியில் குறைந்த அளவு மதிப்பெண் எடுக்காதவரையும் செய்முறை வகுப்புக்கு வராதவரையும் ஆண்டிறுதித் தேர்வு அறைக்குள் விடமாட்டார்கள். மாணவர்கள் இந்த நிபந்தனையை ‘டிபி’ என்பார்கள். அதற்குத் ‘தேர்வனுமதி’ என்று எழுதியிருக்கிறேன். ‘கிரெடிட்’ என்பதற்குக் கற்றல் அலகு. ஓர் அலகு 10 மணி நேர உழைப்பு. பட்டத்துக்குக் குறைந்தது 480 அலகுகள், அதாவது 4,800 மணி நேரம். இந்தக் கணக்கைப் பார்த்ததும் என் வகுப்பில் இருவர் கணக்காளர் ஆகப்போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்று, சண்டைக்கு வராதீர்கள். பட்டத்தை ‘மருந்தியல் பட்டம்’ என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். மருந்து உடலில் என்ன செய்கிறது என்ற பாடம்தான் மருந்தியல். மருந்தாக்கவியல், மருந்து வேதியியல், நோயாளியோடு பேசி மருந்து வழங்கும் தொழில்முறைப் பாடம் ஆகியவற்றோடு அதுவும் பட்டத்தின் ஒரு பகுதி. பகுதியின் பெயரை முழுமைக்கு வைத்தால் பாடப்பட்டியலை எப்படி மொழிபெயர்ப்பது? மருந்தாளுநர் பட்டம் என்றே நான் எழுதுகிறேன்.

அச்சுக்குப் போகும் வரி இது:

“சேருவதற்கு முன் மருந்தாளுநர் கவுன்சிலிடம் கேளுங்கள்: இந்தப் பாடநெறி, இந்த நிறுவனத்தில், நீங்கள் சேரும் ஆண்டுக்குத் தொழில் ஏற்பு பெற்றதா?”

‘பாடநெறியேற்பு’ என்று சேர்த்தெழுதுவதா, பிரித்தெழுதுவதா என்பதை அக்கா முடிவு செய்யட்டும். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் அச்சகத்துக்குத் திருத்தி அனுப்பிவிடுவேன்.