க்ரான்ல ஓடுற பேக்கப் ஃபைல் வெறும் 20 பைட், ஆனா எரரே வரல

ராத்திரி_ஷிஃப்ட்:
மக்களே, சின்ன பாஷ் ஸ்கிரிப்ட் ஒண்ணு, மைஎஸ்க்யூஎல்டம்ப் கமாண்டால டேட்டாபேஸை காப்பி எடுத்து, பைப்ல (ஒரு கமாண்டோட அவுட்புட்டை அடுத்ததுக்கு தள்ளுறது) ஜிஸிப்புக்கு குடுத்து, சுருக்கி ஃபைலா போடும், முடிஞ்சதும் ஏழு நாள் தாண்டின பழசை அழிச்சிடும், அவ்ளோதான். கையால ஓட்டினா 400 எம்பி கிட்ட வருது, குறிச்ச நேரத்துல தானா ஓட்டுற க்ரான்ல போட்டா தினமும் கரெக்டா 20 பைட். $? (கடைசி கமாண்டோட ரிசல்ட் நம்பர், 0-ன்னா ஓகே) செக் பண்றேன், 0-தான் வருது, "பேக்கப் ஓகே"ன்னு மெயிலும் ஜம்முனு வந்துட்டு இருந்துச்சு. இன்னிக்கு ஒரு டேபிளை ரீஸ்டோர் பண்ணப் போனா அத்தனையும் காலி டப்பா, வயித்தைக் கலக்கிடுச்சு. உபுண்டு 22.04, மைஎஸ்க்யூஎல் உபுண்டு பேக்கேஜா இல்லாம டார்பால்ல இருந்து போட்டது.

பழைய_டெர்மினல்:
அந்த 20 பைட்லயே விஷயம் இருக்கு. உள்ள ஒண்ணுமே வராம ஜிஸிப் ஓடினா ஹெடர் 10, காலி டேட்டாவுக்கு 2, கடைசில சிஆர்சியும் சைஸும் 8, ஆக 20. அப்போ டம்ப் ஓடவே இல்ல. க்ரானுக்கு உங்க பாஷ்ஆர்சி செட்டிங்ஸ் எல்லாம் தெரியாது, அதோட பாத்ல (கமாண்டைத் தேடுற ஃபோல்டர் லிஸ்ட்) யூஎஸ்ஆர்/பின், பின் ரெண்டுதான், உங்களது யூஎஸ்ஆர்/லோக்கல்/மைஎஸ்க்யூஎல்/பின்ல உக்காந்திருக்கும். கமாண்ட் கிடைக்கலன்னு 127 வந்திருக்கும், ஆனா பைப்ல கடைசி ஆளு சொல்றதுதான் $?-ல வரும், ஜிஸிப் தன் வேலையை முடிச்சு 0 குடுத்துட்டுப் போயிடுச்சு. மேலயே செட் -ஓ பைப்ஃபெயில் போட்டு (பைப்ல எது ஃபெயில் ஆனாலும் $?-ல தெரியும்), பாத்தை முழுசா எழுதுங்க. ஆமா, எரர் மெசேஜ் எங்க போச்சு, க்ரான் லைன்ல எல்லாத்தையும் டெவ்/நல்லுங்கிற குப்பைத்தொட்டிக்கு அனுப்பிட்டீங்களா?

ராத்திரி_ஷிஃப்ட்:
ஹிஹி ஆமா, மெயில் தொல்லைன்னு போட்டது. எடுத்துட்டேன். இப்போ பைப்ஃபெயில் லைன்லயே "இல்லீகல் ஆப்ஷன்"னு நின்னுடுது அண்ணா

பழைய_டெர்மினல்:
க்ரான் லைன்ல "எஸ்ஹெச் பேக்கப்"னு கூப்பிட்டிருப்பீங்க தம்பி. உபுண்டுல எஸ்ஹெச்னா டாஷ்ங்கிற வேற ஷெல், பாஷ் இல்ல. அப்படிக் கூப்பிட்டா முதல் வரில பாஷ்னு எழுதினதை யாரும் பாக்க மாட்டாங்க. பாஷ்னு மாத்துங்க.

சிங்கிள்_கோட்:
இன்னொண்ணு, டம்ப்பை நேரா ஒரிஜினல் பேருல எழுதாதீங்க, டாட் டெம்ப்னு ஒரு பேருல எழுதி, சரியா முடிஞ்சா மட்டும் எம்வி போட்டு ஒரிஜினல் பேருக்கு மாத்துங்க, அதுக்கப்புறம்தான் பழசை அழிக்கணும். ஜிஸிப் -டி (டெஸ்ட்) போட்டு செக் பண்ணலாம்னு சில பேர் சொல்வாங்க, அந்த 20 பைட் ஃபைலும் அதுல பாஸ் ஆயிடும், நான் பட்டிருக்கேன் 😀 மைஎஸ்க்யூஎல்டம்ப் ஒழுங்கா முடிஞ்சா கடைசி வரில "டம்ப் கம்ப்ளீட்டட்"னு கமெண்ட் எழுதும், ஸிகேட்டால விரிச்சு, டெயில்ல கடைசி வரியை எடுத்து, க்ரெப்ல அதைத் தேடுங்க. டேட்டாபேஸ் லாக்ல மாட்டி தொங்குச்சுன்னா என்ன பண்றதுன்னு டம்ப் கமாண்டுக்கு முன்னாடி டைம்அவுட் 1h சேத்துக்கோங்க, நேரம் முடிஞ்சு வெட்டினா 124 வரும். செட் -இ (எரர் வந்ததும் ஸ்கிரிப்டை நிறுத்துறது) போட்டா போதும்னு நம்பாதீங்க, ஃபங்ஷனுக்குள்ள லோக்கல் வேரியபிள்ல ஒரே வரில கமாண்ட் அவுட்புட்டை வாங்கினா அந்த எரரையும் அது முழுங்கிடும்.

ராத்திரி_ஷிஃப்ட்:
பாஷ்னு மாத்தி அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை க்ரான்ல விட்டுப் பாத்தேன், முதல்ல பாத்தை மாத்தாமலே. 127 வந்துச்சு, ஸ்கிரிப்ட் நின்னுச்சு, எதையும் அழிக்கல. பாத் போட்டதும் 412 எம்பி. அந்த டேபிள் மட்டும் டெஸ்ட் சர்வர்ல 12 நாள் பழைய காப்பியா கிடைச்சுது, மீதியை கையாலதான் ஏத்தணும்.