மாத்திரை மாறிப் போட்ட அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மழைக்குருவி:
என் பிபி மாத்திரையும் தம்பியின் மாத்திரையும் ஒரே டப்பாவில் கிடந்தன. இரண்டுமே எண்ணி வெட்டிய அட்டைகள். கையில் வந்த துண்டில் வெட்டுப்பட்டது போக '...பின்' என்று மட்டும் தெரிந்தது. என்னுடையது ஆம்லோடிபின், அதனால் சந்தேகமே வரவில்லை. உள்ளே போனது தம்பி மனநோய்க்கு எடுக்கும் குளோசபின், 100 மில்லிகிராம். அவன் வருடக்கணக்கில் எடுப்பவன், அவன் உடம்பு தாங்கும். நான் கொஞ்ச நேரம் கழித்து பாத்ரூம் போக எழுந்தேன், கதவருகிலேயே விழுந்துவிட்டேன்.

இன்னும் உறுத்துவது மருத்துவமனையில் நடந்ததுதான். டாக்டர் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "எந்தப் பின்? ஒலான்சபினா, குளோசபினா, இல்லை பிபி மாத்திரையே நிறைய போட்டுவிட்டாரா?" ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறாம். எனக்கு எல்லாம் கேட்கிறது, நாக்கு புரளவில்லை. அம்மாதான் என் முகவாயில் ஒழுகிய எச்சிலைப் பார்த்துவிட்டு, "இவ தம்பிக்கும் ஆரம்பத்துல இப்படித்தான் தலகாணி நனையும்" என்றார். அதை வைத்துத்தான் குளோசபின் என்று பிடித்தார்கள். அப்புறம்தான் ஈசிஜி, டிரிப்ஸ், ராத்திரி முழுக்க பிபி பார்த்தது எல்லாம்.

சும்மாஒருத்தன்:
படிக்கவே திக்கென்றது. ஆனால் எல்லோரும் பதற வேண்டாம். நான் காலையில் மனச்சோர்வுக்கு எடுக்கும் செர்ட்ரலினுக்குப் பதிலாக மனைவியின் மிர்டசபினைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவன் (இதுவும் மனச்சோர்வுக்குத்தான், ஆனால் தூக்கம் வரும்; இதுவும் பின்தான், பாருங்கள்). மீட்டிங்கில் வாயைப் பிளந்து தூங்கியிருக்கிறேன். யாரோ என் பெயரைச் சொன்னதும் எழுந்து "முழுக்க ஒத்துக்கொள்கிறேன்" என்றேனாம். எதை என்று இதுவரை கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு மாத்திரைதானே, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.

பழையரேடியோ:
சும்மாஒருத்தன், அந்த "ஒரு மாத்திரைதானே" மட்டும் வேண்டாம். எங்கள் வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள். அண்ணன் மகன், கல்லூரிப் பையன், தலைவலி மாத்திரை என்று நினைத்து தாத்தாவின் மனநோய் மாத்திரையான ஹாலோபெரிடாலைப் போட்டுவிட்டான். அன்று இரவு ஒன்றுமில்லை. மறுநாள் சாப்பிட உட்கார்ந்தவனுக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. கண் இரண்டும் மேலே போனது, இறங்கவே இல்லை. வலிப்பு என்று நினைத்துச் சாவியைத் தேடினார்கள், அது தனிக் கூத்து. பையனுக்கு முழு நினைவு இருந்தது. கடித்த பல்லோடு, "எனக்கு எல்லாம் தெரியுது சித்தப்பா, கண்ணைத்தான் இறக்க முடியலை" என்கிறான். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ஊசி போட்டுச் சில நிமிடங்களில் கழுத்து நேரானது. மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைத் தடுக்கிற மாத்திரைகளில் இப்படி வரும், வயது குறைந்தவர்களுக்கு அதிகம் வரும் என்றார்கள். ஊசியின் வேகம் தீர்ந்ததும் திரும்பக்கூடும் என்று சில நாளைக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். தூங்கி எழுந்த பிறகுதான் எங்களுக்கு ஆரம்பமே ஆனது, கவனித்தீர்களா?

கடைசிபெஞ்ச்:
என் கதை சின்னது. கணவர் இரவு லித்தியம் (மனநிலையைச் சீராக வைக்கும் மாத்திரை) போட்டார், போட்டதை மறந்து மறுபடியும் போட்டார். ரத்தத்தில் அளவு பார்த்தார்கள், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் தொண்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்ததிலிருந்து இதையெல்லாம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அரைமயக்கத்தில் இருப்பவருக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். லித்தியம் என்றால் இன்னும் மோசம், உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகம் அதை வெளியே விடாமல் தேக்கும். மாத்திரையை உறிஞ்சிக்கொள்ளும், கரித்தூள் கொடு என்று யாராவது வருவார்கள். லித்தியம் கரியில் ஒட்டவே ஒட்டாது, மற்ற மாத்திரைகளுக்கும் அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். போட்ட நேரத்தைக் குறித்து வையுங்கள். பெயர், மில்லிகிராம், கூடவே எஸ்ஆர், எக்ஸ்எல், இஆர் மாதிரி எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை. "ரெண்டு மணி நேரம் ஆச்சு, நல்லாத்தான் இருக்கார்" என்பதற்கு அங்கே மதிப்பில்லை. அந்த வகை பியூப்ரோபியான் (மனச்சோர்வு மாத்திரை) அளவுக்கு மீறிப் போனால் பல மணி நேரம் கழித்தும் வலிப்பு வரும்.

உடனே விஷத் தகவல் மையத்துக்கோ டாக்டருக்கோ போன் செய்யுங்கள். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மந்தமாகிறது, வலிப்பு, மயங்கி விழுந்தார் என்றால் ஆம்புலன்ஸ்தான். வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியாக விடாதீர்கள். தூக்க மாத்திரையோடு மதுவும் உள்ளே இருந்தால் அதை மறைக்கவே கூடாது. சின்னக் குழந்தை அமிட்ரிப்டிலின் (இதுவும் மனச்சோர்வு மாத்திரை) விழுங்கியிருந்தால் ஒன்றிரண்டு மாத்திரையே இதயத் துடிப்பைக் குலைத்துவிடும், அறிகுறி வரட்டும் என்று உட்காராதீர்கள். மாறிப் போனதை ஈடுகட்ட 'சரியான' மாத்திரையையும் கேட்காமல் போடாதீர்கள். சில மனச்சோர்வு மாத்திரைகள் ஒன்றாகச் சேர்ந்தால் உடம்பில் செரோடோனின் என்ற ரசாயனம் எகிறி வியர்வை, நடுக்கம், காய்ச்சல், பேதி என்று போகும். சும்மாஒருத்தன், நீங்கள் அன்று மதியம் செர்ட்ரலினும் போட்டீர்களா?

அப்புறம், கிளம்பும்போது வீட்டில் இருக்கிற எல்லா அட்டைகளையும் அள்ளிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

சும்மாஒருத்தன்:
எங்கே போட? தூங்கிக்கொண்டல்லவா இருந்தேன்.

மழைக்குருவி:
கடைசிபெஞ்ச், மற்றதெல்லாம் சரி, அந்தக் கடைசி வரியோடு மட்டும் எனக்கு ஒத்துப்போகாது. அம்மா அப்படித்தான் டப்பாவோடு அள்ளிக்கொண்டு வந்தார். அது என் கட்டிலுக்கடியில் பையிலேயே கிடந்தது, அம்மாவும் என்னோடுதான். வீட்டில் தம்பிக்கு மாத்திரையே இல்லை என்பது வீடு திரும்பிய பிறகுதான் உறைத்தது. குளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் அப்படியே தொடரக் கூடாதாம், திடீரென்று பிபி இறங்கிவிடும். அவனுடைய டாக்டர் 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். பழைய அளவுக்கு வர வாரக்கணக்கில் ஆனது, அதுவரை அவனுக்குச் சரியான தூக்கமில்லை. அட்டையின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துப் போனாலே போதும். "என் மாத்திரையையும் நீ தின்னுட்டு, மிச்சத்தையும் தூக்கிட்டுப் போயிட்டே" என்று அவன் இன்னும் திட்டுகிறான்.