விண்டோஸ் வரும்வரை கறுப்புத் திரை

குழு: கொழிஞ்சாம்பாறை வீட்டார்

சனிக்கிழமை மாலை

கவிதா: பிரபு அண்ணா, நேரம் இருக்கிறதா? கம்ப்யூட்டரைப் போட்டால் ஆரம்பத்தில் திரையில் ஒன்றுமே வருவதில்லை. லோகோவும் இல்லை, எழுத்தும் இல்லை. ஃபேன் ஓடுகிறது, கீபோர்டில் விளக்கு எரிகிறது. மானிட்டர் மட்டும் சிக்னல் இல்லை என்று காட்டிவிட்டு அணைந்துவிடுகிறது.

முருகேசு மாமா: ரேமைக் கழற்றி ரப்பரால் துடைத்துப் போடு கண்ணு. பாதிக் கோளாறு அதிலேயே தீரும்.

கவிதா: துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன் மாமா. மாற்றம் இல்லை.

சாந்தா அத்தை: இந்த ஆடிக் காற்றில் கரண்ட் வந்து வந்து போகிறது. அதில் ஏதாவது எரிந்திருக்குமோ?

ராஜி சித்தி: கடையில் காட்டினோம். கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதிது போட வேண்டும் என்கிறார்கள். பிரபு கொடுத்த கார்டு ஆச்சே, அவனைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

பிரபு: நல்லதாகப் போயிற்று சித்தி. இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். கவி, ஒன்று மட்டும் சொல். அப்படியே விட்டுவிட்டால் கடைசிவரை கறுப்பாகவே இருக்கிறதா, இல்லை கொஞ்ச நேரம் கழித்துப் படம் வருகிறதா?

கவிதா: வருகிறது அண்ணா. அரை நிமிஷம் போல ஆகும். நேராக விண்டோஸ் பாஸ்வேர்டு பக்கம்தான். அப்புறம் ஒரு குறையும் இல்லை. வீடியோ, கேம் எல்லாம் ஓடுகிறது.

பிரபு: அப்படியென்றால் கார்டு போகவில்லை. செத்த கார்டில் கேம் ஓடாது.

ராஜி சித்தி: படம்தான் வருகிறதே, அப்படியே இருக்கட்டும் என்று நானும் சொன்னேன்.

கவிதா: அம்மா, எனக்கு பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருவதற்கு முந்தைய செட்டிங் பக்கத்துக்குள் போக வேண்டும். காலேஜில் ஆண்ட்ராய்டு ஆப் ப்ராஜெக்ட். கம்ப்யூட்டருக்குள்ளேயே போன் போல ஓடும் எமுலேட்டருக்கு, விர்ச்சுவலைசேஷன் என்கிற ப்ராசஸர் வசதியை ஆன் செய்யச் சொல்கிறது, அது பயாஸில்தான் இருக்கிறது. டெலீட் கீயை அழுத்திக்கொண்டே போட்டால் கறுப்புத் திரையிலேயே நின்றுவிடுகிறது. விண்டோஸும் வருவதில்லை.

பிரபு: இது முக்கியமான தகவல். டெலீட் அழுத்தினால் விண்டோஸ் வராமல் நிற்கிறது என்றால் பயாஸ் திறந்துதான் இருக்கிறது, நம் கண்ணுக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் கீபோர்டில் Num Lock கீயை அழுத்திப் பார். விளக்கு எரிந்து அணைகிறதா?

கவிதா: எரிகிறது, அணைகிறது.

பிரபு: சரி, கம்ப்யூட்டர் உறைந்துபோகவில்லை. மானிட்டர் விழிக்கத் தாமதமாகி லோகோ கடந்துபோய்விடுகிறதோ என்று ஒரு சந்தேகம் இருந்தது. சில மானிட்டர்களில் அப்படி நடக்கும். ஆனால் பயாஸ் திறந்து நிற்கும்போதும் கறுப்பு என்றால் காரணம் அதுவல்ல.

முருகேசு மாமா: எனக்கு இது புரியவில்லை மாப்பிள்ளை. அதே கார்டு, அதே வயர், அதே மானிட்டர். விண்டோஸில் காட்டுகிற படத்தை ஆரம்பத்தில் மட்டும் ஏன் காட்டவில்லை?

பிரபு: சரியான கேள்வி மாமா. கடையில் இதைக் கேட்டிருந்தால் கார்டு போய்விட்டது என்று சொல்லியிருக்க மாட்டார்கள். விண்டோஸ் ஏறிய பிறகு படத்தைக் கையாள்வது டிரைவர் என்கிற மென்பொருள். அது ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. ஸ்விட்ச் போட்ட முதல் சில நொடிகளில் டிரைவர் கிடையாது. அந்த நேரத்துக்கென்று கார்டுக்குள்ளேயே ஒரு சின்ன சிப்பில் ஃபர்ம்வேர் என்கிற குட்டி மென்பொருளை எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாப் பாகமும் செருகியிருக்கும் மதர்போர்டு அதைக் கூப்பிடும், அது மானிட்டரோடு பேசி, இந்த அளவில் படம் அனுப்பலாம் என்று முடிவு செய்து லோகோவையும் பயாஸையும் காட்டும். மானிட்டரின் பேச்சு அந்த ஃபர்ம்வேருக்குப் பிடிபடாவிட்டால் திரை கறுப்பாகவே நிற்கும். பிறகு டிரைவர் வந்து புதிதாகப் பேசும், படம் வந்துவிடும்.

முருகேசு மாமா: ஓ, சிங்கிள் பேஸ் மோட்டாரில் ஸ்டார்ட்டிங் காயில் தனி, ரன்னிங் காயில் தனி. அதுபோலவா?

பிரபு: அதேதான் மாமா. இங்கே ரன்னிங் காயில் நன்றாக இருக்கிறது. ஸ்டார்ட்டிங்கில்தான் சிக்கல். கவி, இது எப்போதிலிருந்து? அதற்குக் கொஞ்சம் முன்னால் எதையாவது மாற்றினாயா?

கவிதா: மானிட்டர் மாற்றினோம் அண்ணா. பழையது சின்னது, கண் வலிக்கிறது என்று அப்பா கோயமுத்தூரிலிருந்து புதிது வாங்கிவந்தார்.

பிரபு: எந்த வயரில் இணைத்திருக்கிறாய்?

கவிதா: புது மானிட்டரோடு வந்த வயர். ஒரு மூலை மட்டும் வெட்டினாற்போல் இருக்கும். பழைய மானிட்டருக்கு ஹெச்டிஎம்ஐ.

பிரபு: அது டிஸ்ப்ளேபோர்ட். பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறேன். மானிட்டர் அட்டைப்பெட்டியில் டிஸ்ப்ளேபோர்ட் என்பதற்குப் பக்கத்தில் என்ன எண் போட்டிருக்கிறது?

கவிதா: 1.4.

பிரபு: உன்னிடம் இருப்பது என்விடியா கம்பெனியின் ஜிடிஎக்ஸ் 1060, 2016ல் வந்த கார்டு. டிஸ்ப்ளேபோர்ட் 1.3 தரநிலை 2014ல் வந்தது, 1.4 தரநிலை 2016 மார்ச்சில் வந்தது. 1060க்கு 1.4 தெரியும், ஆனால் ஸ்டார்ட் ஆகும்போது வேலை செய்கிற அந்தச் சின்ன ஃபர்ம்வேர் 1.3, 1.4 மானிட்டர்களில் தடுமாறலாம். விண்டோஸ் வரும்வரை கறுப்புத் திரை, சிலருக்கு அங்கேயே நின்றும் போகலாம். 900 வரிசை, 10 வரிசைக் கார்டுகளுக்கெல்லாம் இது பொருந்தும். என்விடியா 2018ல் இதற்கென்றே ஃபர்ம்வேர் அப்டேட் கருவி ஒன்றை வெளியிட்டது. அப்போது என்னிடம் டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டர் இல்லை, அதனால் அந்தக் கார்டில் அப்டேட் போடாமலே உன்னிடம் வந்திருக்கும்.

கவிதா: ஆனால் அண்ணா, ஹெச்டிஎம்ஐயிலும் போட்டுப் பார்த்தேனே. அதில் விண்டோஸ்கூட வரவில்லை. அதனால்தான் பயந்துபோய்க் கடைக்கே எடுத்துப்போனோம்.

பிரபு: எந்த ஓட்டையில் செருகினாய்? பின்பக்கம் போட்டோ எடுத்து அனுப்பு.

கவிதா: 📷

பிரபு: மேலே யூஎஸ்பி ஓட்டைகளுக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறாய். அது மதர்போர்டின் வாய். உன் ப்ராசஸர் ஐ5 9400எஃப். கடைசியில் எஃப் இருந்தால் ப்ராசஸருக்குள் கிராபிக்ஸ் கிடையாது, அந்த வாயில் எந்தக் காலத்திலும் படம் வராது. கீழே தனியாக, படுக்கை வாட்டத்தில் வரிசையாக ஓட்டைகள் இருக்கிறதே, அதுதான் கார்டு. அங்கே இருக்கும் ஹெச்டிஎம்ஐயில் செருகு. முதலில் கம்ப்யூட்டரை அணைத்துவிடு. டிஸ்ப்ளேபோர்ட் வயரை முழுசாகக் கழற்றிவிடு, இரண்டும் ஒன்றாக வேண்டாம். மானிட்டர் மெனுவில் இன்புட்டை ஹெச்டிஎம்ஐக்கு மாற்று.

ராஜி சித்தி: அவள் மேஜைக்கு அடியில் டார்ச் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். 

கவிதா: அண்ணா!! லோகோ வந்துவிட்டது! பயாஸும் வந்துவிட்டது!

சாந்தா அத்தை: அப்பாடா. கார்டுக் காசு மிச்சம்.

பிரபு: அப்படியே அட்வான்ஸ்டு பகுதிக்குள் போ. சிபியு கான்ஃபிகரேஷன் என்று இருக்கும். அதில் இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி டிசேபிள்டு என்று இருந்தால் எனேபிள்டு ஆக்கு. எஃப்10 அழுத்தி சேவ் செய்து வெளியே வா. சிஎஸ்எம், லெகசி என்று பழைய ஸ்டார்ட் முறைக்கான ஏதாவது கண்ணில் பட்டால் தொடாதே. லெகசிக்கு மாற்றினாலும் இந்தக் கறுப்புத் திரை போகும் என்பது உண்மைதான், ஆனால் யூஇஎஃப்ஐ என்கிற புது முறையில் போட்ட விண்டோஸ் பிறகு ஏறாது.

கவிதா: செய்துவிட்டேன். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் விர்ச்சுவலைசேஷன் எனேபிள்டு என்று காட்டுகிறது. எமுலேட்டர் ஓடுகிறது அண்ணா 🙏

ராஜி சித்தி: இனிமேல் இந்த வயரிலேயே விட்டுவிடலாமா?

பிரபு: விடலாம் சித்தி, தவறில்லை. ஆனால் அந்த மானிட்டரின் முழு வேகம் டிஸ்ப்ளேபோர்ட்டில்தான் நன்றாகக் கிடைக்கும். அதற்கு இரண்டு வழி. மானிட்டர் மெனுவிலேயே சிலவற்றில் டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பை 1.4லிருந்து 1.2க்குக் குறைக்கலாம். அது இருந்தால் சுலபம்.

கவிதா: தேடிப் பார்த்தேன், இதில் அந்த மெனு இல்லை.

பிரபு: அப்படியானால் அப்டேட்தான். என்விடியாவின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கு, வேறு எங்கிருந்தும் வேண்டாம். அப்டேட் தேவையா இல்லையா என்று அதுவே பார்த்துச் சொல்லும், தேவையில்லை என்றால் விட்டுவிடு. டிஸ்கைப் பூட்டிவைக்கும் டிரைவ் என்க்ரிப்ஷன் போட்டிருந்தால் அதைத் திறக்கும் ரெக்கவரி கீயை முதலில் எழுதிவைத்துக்கொள். எல்லாவற்றையும்விட முக்கியமானது கரண்ட். எழுதிக்கொண்டிருக்கும்போது அணைந்தால் அந்தச் சிப்பில் இருப்பது பாதியில் நின்றுவிடும். அப்போதுதான் கடைக்காரர் சொன்னது உண்மையாகும். யூபிஎஸ் இருக்கிறதா?

கவிதா: இல்லை அண்ணா. இப்போதுகூடக் கரண்ட் ஒருமுறை போய்வந்தது.

பிரபு: அப்படியானால் இன்றைக்கு வேண்டவே வேண்டாம்.

முருகேசு மாமா: என் கடையில் இன்வெர்ட்டர் இருக்கிறது. நாளைக்கு மூட்டை கட்டிக்கொண்டு வேலந்தாவளம் வரட்டும்.

பிரபு: மாமா, கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறும் அந்த ஒரு நொடிக்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிடாதா?

முருகேசு மாமா: சாதாரண முறையில் வைத்தால் அணையலாம். பின்னால் யூபிஎஸ் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதில் வைத்தால் மாறுவதே தெரியாது. ஃபேன் லோடை எல்லாம் எடுத்துவிட்டு இதை மட்டும் போடுகிறேன். அவள் வரும் முன்னால் மெயினை இறக்கி ஒரு தடவை சோதித்தும் பார்த்துவிடுகிறேன்.

பிரபு: அப்படியென்றால் எனக்குப் பயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை

கவிதா: மாமா கடையில் இருக்கிறோம். அப்டேட் தேவை என்று சொன்னது. முடிந்து ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. இப்போது டிஸ்ப்ளேபோர்ட் வயரில் லோகோ, பயாஸ் எல்லாம் வருகிறது!

சாந்தா அத்தை: மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் கவி. மாமா மீன் வாங்கப் போயிருக்கிறார்.

முருகேசு மாமா: மாப்பிள்ளை, பக்கத்து ஸ்டுடியோக்காரர் இதைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதும் இப்படித்தான் என்கிறார். புதுக் கார்டு போட்டாராம். அவருக்கு விண்டோஸும் வருவதில்லை, முழுக்கக் கறுப்பு.

பிரபு: அப்படியானால் அது வேறு சமாச்சாரம் மாமா, இந்த அப்டேட்டைப் போடச் சொல்லாதீர்கள். மானிட்டர் வயர் கார்டில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கார்டின் மேல் விளிம்பில் ஆறு ஊசி, எட்டு ஊசி வாய் இருந்தால் அதில் பவர் சப்ளையிலிருந்து வயர் வர வேண்டும். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட்தான் கொடுக்கும். ஆறு ஊசியில் இன்னொரு 75, எட்டு ஊசியில் 150. அது செருகாமல் விட்டிருந்தால் பெரிய கார்டு படமே காட்டாது. கார்டு ஸ்லாட்டில் கிளிக் என்று உட்கார்ந்திருக்கிறதா என்றும் அழுத்திப் பாருங்கள். சில மதர்போர்டுகளில் ஓரத்தில் சிபியு, டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் என்று குட்டி விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அதுதான் தகராறு.

முருகேசு மாமா: எட்டு ஊசி வாய் இருக்கிறது. வயர் இருக்கிற மாதிரித் தெரியவில்லை. திறந்து போட்டோ அனுப்பட்டுமா?

பிரபு: அனுப்புங்கள். திறக்கும் முன்னால் ப்ளக்கைப் பிடுங்கிவிடச் சொல்லுங்கள் மாமா.