இண்டியன் ஸ்ட்ரீம் குடியரசு மேப் யார்கிட்டயாவது இருக்கா?

மக்களே ஒரு ஹெல்ப். அமெரிக்கா-கனடா பார்டர்ல 1832ல இண்டியன் ஸ்ட்ரீம்னு ஒரு குட்டி குடியரசு இருந்துச்சு, மொத்தமே சுமார் 300 பேர்தான், அமெரிக்காவும் பிரிட்டனும் போட்ட 1783 பாரிஸ் ஒப்பந்தத்துல கனெக்டிகட் ஆத்தோட வடமேற்குத் தலைதான் (ஆறு தொடங்குற இடம்) எல்லைன்னு எழுதி வச்சிட்டாங்க, ஆனா அங்க போய்ப் பாத்தா ஓடையே மூணு நாலு இருக்கு, எது தலைன்னு ஒரே தகராறு. ரெண்டு பக்கமும் வரி கேக்க, போங்கடான்னு சொந்தமா அரசியல் சாசனமே எழுதிட்டாங்க, என்ன தில்லு பாருங்க! 1835ல அமெரிக்காவோட நியூ ஹாம்ப்ஷயர் மாநிலப் படை வந்து முடிச்சிருச்சு, எல்லை செட்டில் ஆனது 1842லதான். இப்ப அது நியூ ஹாம்ப்ஷயர்ல பிட்ஸ்பர்க்ங்கிற சின்ன ஊர்.

எனக்கு வேண்டியது அந்த ஓடைங்க பேரோட தெளிவா தெரியுற பழைய மேப். கிடைச்ச ஸ்கேன்ல அந்த ஓடைங்கள்ல ஒண்ணான ஹால்ஸ் ஸ்ட்ரீம் இருக்கிற மூலையே மடிஞ்சு கிடக்கு. யார்கிட்டயாவது இருந்தா அனுப்புங்க ப்ளீஸ்.