வீடு விக்க ஏஜென்ட் பாக்குறோம், ஒப்பந்தத்துல என்னென்ன பேசணும்?

அம்மா வீட்டை விக்க மூணு ஏஜென்ட்கிட்ட பேசினோம், அதுல ஒருத்தர் மட்டும் மத்தவங்களவிட ரொம்ப அதிகமா விலை சொல்றாரு, ஆனா பக்கத்துல சமீபத்துல என்ன விலைக்குப் போச்சுன்னு கேட்டா மழுப்புறாரு, கையெழுத்து வாங்குறதுக்காக ஏத்திச் சொல்லிட்டு அப்புறம் கொறைக்கச் சொல்வாரோன்னு பயமா இருக்கு. 6 மாசத்துக்கு வீட்டை விக்கிற பொறுப்பை அவருக்கு மட்டும்தான் குடுக்கணுமாம். 3 மாசம்னு கேக்கலாமா? நாங்களே ஆள் பாத்து வித்தாலும் கமிஷன் தரணும்னு ஒரு வரி இருக்கு, அதை எடுக்கச் சொன்னா ஒத்துக்குவாங்களா? ஒப்பந்தக் காலம் முடிஞ்சப்புறம் அவர் கூட்டிட்டு வந்தவங்க வாங்கினாலும் கமிஷன் உண்டாம், அது நியாயம்தான், ஆனா எத்தனை நாளைக்குன்னு போடவே இல்ல. போட்டோ, விளம்பரச் செலவு யாரோடது? கமிஷன்ல கொஞ்சம் கொறைக்கிறதைவிட இந்த நிபந்தனைகள்தான் முக்கியம்னு எனக்குத் தோணுது. வித்த அனுபவம் உள்ளவங்க ப்ளீஸ் சொல்லுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள அவருக்குப் பதில் சொல்லணும்.