பேலன்ஸ்டு டிரான்ஸ்பார்மர் மாட்டியும் ரீங்காரம் போகவில்லை, எம்சிபியும் விழுகிறது (அவசரம்)

பாட்டுப்பித்தன்: வணக்கம். பாட்டுக் கேட்கும் ஆம்ப்ளிஃபயர் செட்டின் ரீங்காரத்தைப் போக்க, 115-0-115 டிரான்ஸ்பார்மர் (230 வோல்ட்டை நடுவில் எர்த் செய்து இரு பக்கமும் 115 ஆகப் பிரிப்பது, பேலன்ஸ்டு என்பது இதைத்தான்) ஒன்றைச் சொல்லிச் சுற்றி வாங்கி மாட்டியிருக்கிறேன். ரீங்காரம் அப்படியே இருக்கிறது. போதாக்குறைக்கு, சுவிட்சைப் போட்டால் சில நேரம் எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுகிறது. டெஸ்டரை வைத்தால் சாக்கெட்டின் இரண்டு துளையிலும் எரிகிறது! சுற்றிக் கொடுத்தவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். ஞாயிறு அன்று வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

ரேடியோ ரசிகை: டிரான்ஸ்பார்மர் எத்தனை விஏ (தாங்கும் திறன்)? எம்சிபி என்ன வகை? ரீங்காரம் ஸ்பீக்கரில் வருகிறதா, டிரான்ஸ்பார்மரிலிருந்தே வருகிறதா? அதில் என்னென்ன மாட்டியிருக்கிறீர்கள்? டெஸ்டர் இரண்டிலும் எரிவது சரிதான். இரண்டு முனைக்கும் இடையே 230 வோல்ட், ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் இடையே 115. நியூட்ரல் என்று அங்கே எதுவும் கிடையாது.

எர்த் ஏகாம்பரம்: படிக்கும்போதே தெரிகிறது, எர்த் கோளாறு. குழி எப்போது தோண்டியது? கரியும் உப்பும் போட்டார்களா? கோடையில் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? பத்தில் ஒன்பது வீட்டில் இதுதான் கதை.

ஓம் விதி: இதை நான் எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது. தேடிப் படிக்கும் வழக்கம் இங்கே யாருக்கும் இல்லாததால் மறுபடியும் எழுதுகிறேன். எஸ்எம்பிஎஸ் (வேகமாக ஸ்விட்ச் செய்யும் மின்வழங்கி) உள்ள கருவிகள் பலவற்றில் இரண்டு மின்கம்பியிலிருந்தும் சேஸிஸுக்கு, அதாவது உலோகக் கூட்டுக்கு, சிறு கெபாசிட்டர்கள் போயிருக்கும். சாதாரண லைனில் ஒரு கம்பியில் 230, மற்றதில் ஏறக்குறைய பூஜ்யம். ஆகவே கசிவு முழுவதும் எர்த் கம்பியில் இறங்குகிறது. 115-0-115 கொடுத்தால் இரண்டு பக்கக் கசிவும் எதிரெதிராக வந்து பெரும்பாலும் கழிந்துவிடுகிறது. பேலன்ஸ்டு டிரான்ஸ்பார்மர் செய்கிற முக்கிய வேலை இவ்வளவுதான். சிக்னல் கேபிள்கள் வழியாக உண்டாகும் எர்த் வளையத்தை (இரண்டு இடத்தில் எர்த் ஆகி, அதற்கிடையே சுற்றும் மின்னோட்டம் ரீங்காரமாகக் கேட்பது) அது எப்படித் தீர்க்கும்? ஏகாம்பரம் சார், குழியில் காவிரியையே திருப்பிவிட்டாலும் வளையம் வளையமாகத்தான் இருக்கும். என்ன ஆம்ப்ளிஃபயர் என்றுகூடச் சொல்லத் தெரியாதவர் எதற்காக டிரான்ஸ்பார்மர் வாங்கினார் என்பது எனக்கு விளங்கவில்லை.

வால்வு மாமா: தம்பி, டொராய்டுதானே (வளைய வடிவ இரும்பில் சுற்றியது)? அப்படியானால் லைனில் டிசி (ஒரே திசை மின்னோட்டம்) கலந்திருக்கிறது. அக்கம்பக்கத்தில் யாராவது ஹேர் டிரையரைக் குறைந்த வேகத்தில் வைத்தால் போதும். சிலவற்றில் ஒரு டயோடு அரை அலையை மட்டும் இழுக்கும். டொராய்டின் இரும்பில் காற்றிடைவெளி கிடையாது. கொஞ்சம் டிசி வந்தாலே உறுமும். டிசி தடுப்பான் ஒன்று போடுங்கள்.

ரேடியோ ரசிகை: உறுமுவது டிரான்ஸ்பார்மரா என்று அவர் இன்னும் சொல்லவில்லை, மாமா.

பாட்டுப்பித்தன்: டொராய்டு, 1000 விஏ. சத்தம் ஸ்பீக்கரில். தம்புராச் சுருதியோடு சேர்ந்துகொண்டு வருகிறது. எம்சிபியில் 6 என்று இருக்கிறது. வேலைக்குக் கிளம்புகிறேன்.

ரேடியோ ரசிகை: 6க்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும், அதுதான் முக்கியம். பி வகை 3 முதல் 5 மடங்கு மின்னோட்டத்தில் உடனே விழும். சி வகை 5 முதல் 10 மடங்கில்தான் அப்படி விழும். பி6 என்றால் 18 ஆம்பியரிலேயே விழக்கூடும். 1000 விஏ டொராய்டு, சுவிட்ச் போடும் கணத்தில் அதைவிட அதிகம் இழுக்கும். அலை பூஜ்யத்தைக் கடக்கும் நேரத்தில் போட்டால் மோசம், உச்சியில் போட்டால் தப்பிக்கலாம். அதனால்தான் 'சில நேரம்'. சி வகைக்கு மாற்றலாம், கம்பியின் தடிமனை எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகு. இல்லையென்றால் முதல் நொடியில் ஒரு ரெசிஸ்டர் வழியாக ஏற்றி, பிறகு ரிலே மூலம் அதை விலக்கும் சாஃப்ட் ஸ்டார்ட் போதும்.

ரீங்காரத்துக்கு: ஆம்ப்ளிஃபயருக்குள் வரும் எல்லா சிக்னல் கேபிள்களையும் கழற்றுங்கள். நின்றால், ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். டிவியும் அதில் இணைந்திருக்கிறதா?

பழைய லைன்மேன்: எல்லோரும் சத்தத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிப்பது) இருக்கிறதா? மெயின் பெட்டியில் இருக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபிக்கு அங்கே நடக்கும் கசிவு தெரியாது. மின்னோட்டம் டிரான்ஸ்பார்மரின் நடுமுனையான சென்டர் டேப்புக்கே திரும்பிவிடும். டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் இன்னொன்று கட்டாயம் வேண்டும். இரண்டு கம்பியும் உயிருள்ளவை என்பதால் இரட்டை முனை எம்சிபியும் வேண்டும். கருவிக்குள் ஒரு பக்கம் மட்டும் ஃபியூஸ் போனால், மறுபக்கம் 115 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும்.

வால்வு மாமா: இவ்வளவு பயமுறுத்த வேண்டாம். அமெரிக்காவில் ஸ்டுடியோக்களில் இதைத்தான் வைக்கிறார்கள்.

ஓம் விதி: அங்கே 60-0-60. அவர்களது தேசிய மின்விதியின் 647ஆம் பிரிவு அதை வணிக, தொழிற்கூடங்களுக்கு மட்டுமே அனுமதிக்கிறது. வரவேற்பறைக்கு அல்ல.

வால்வு மாமா: இங்கிலாந்தில் கட்டட வேலை நடக்கும் இடங்களில் மஞ்சள் பெட்டி பார்த்ததில்லையா? 55-0-55. அதுவும் இதே அமைப்புதான்.

ஓம் விதி: அது தொழிலாளி சாகாமல் இருப்பதற்காக வைத்தது. எர்த்துக்கு 55 வோல்ட்தான். பாட்டுக் கேட்க யாரும் அதை வாங்குவதில்லை.

வால்வு மாமா: என் வீட்டில் மாட்டிய அன்றே வீணையின் மீட்டு தனியாகத் தெரிந்தது. காது உள்ளவர்களுக்குத் தெரியும்.

ஓம் விதி: எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டுச் சொல்லுங்கள், பேசலாம்.

எர்த் ஏகாம்பரம்: நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று யாருமே கேட்கவில்லையே.

பாட்டுப்பித்தன்: செட்டாப் பாக்ஸில் வரும் தெருக் கேபிளைப் பிடுங்கினேன். ரீங்காரம் நின்றுவிட்டது. எம்சிபி பி6தான். சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் வருகிறார். எல்லோருக்கும் நன்றி.

ரேடியோ ரசிகை: நல்லது. அந்தக் கேபிள் வேறோர் இடத்தில் எர்த் ஆகியிருக்கும், வளையம் அங்கேதான். கேபிள் வரும் வழியில் கோஆக்சியல் ஐசோலேட்டர் (சிக்னலை விட்டு எர்த் தொடர்பை மட்டும் துண்டிப்பது) ஒன்று போட்டால் டிவியும் பார்க்கலாம். டிஷ் ஆன்டெனா இருப்பவர்கள் இதை முயல வேண்டாம், டிஷ்ஷில் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பிக்கு மின்சாரம் அதே கம்பியில்தான் போகிறது.

பழைய லைன்மேன்: ஆர்சிசிபி?

ஓம் விதி: இப்போது டிரான்ஸ்பார்மரைக் கழற்றிவிட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் எம்சிபியை மாற்றும் வேலையும் மிச்சம்.

வால்வு மாமா: கழற்றினால் விலை சொல்லுங்கள் தம்பி, நான் எடுத்துக்கொள்கிறேன்.